அப்பாவுக்குப் புராஸ்டேட் அறுவை சிகிச்சை: இடுப்புத்தளப் பயிற்சியை இப்போதே தொடங்க வேண்டுமா?

மருதநிலம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 66. ரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பி சுரக்கும் புரதம்) அளவு ஏறியது, பயாப்ஸிக்குச் சதைத்துணுக்கு எடுத்தார்கள், புராஸ்டேட் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. சுரப்பியைத் தாண்டிப் பரவவில்லை என்பது ஒன்றே ஆறுதல். அடுத்த மாதக் கடைசியில் சென்னையில் ரோபோட்டிக் முறையில் சுரப்பியை முழுவதுமாக எடுக்கப் போகிறார்கள்.

அறுவை சிகிச்சை மருத்துவர் நோயைப் பற்றிப் பொறுமையாகத்தான் விளக்கினார். நாங்கள் எழுந்து கிளம்பும்போது, "கொஞ்ச காலம் சிறுநீர் கசியும், கீகல் பயிற்சி செய்யச் சொல்லுங்கள்" என்று ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். கீகல் என்றால் இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியாம். அந்தத் தாளில் இருப்பது கர்ப்பிணிப் பெண்ணின் படம். அப்பா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்ததோடு சரி. "பிள்ளை பெற்றவர்களுக்குச் சொல்லும் சமாசாரம், எனக்கு எதற்கு?" என்கிறார். அம்மா பேச்சையே மாற்றிவிடுகிறார்.

பயிற்சியை அறுவை சிகிச்சைக்கு முன்பே தொடங்க வேண்டுமா, பிறகு செய்தால் போதுமா? தாளைப் பார்த்துச் செய்தால் போதுமா, பிசியோதெரபிஸ்ட்டிடம் போக வேண்டுமா? நாங்கள் இருப்பது தஞ்சாவூர்ப் பக்கம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தாமிரபரணிக்காரன் எழுதியது:

தம்பி, எனக்கும் இதே அறுவை சிகிச்சைதான் நடந்தது. அப்பாவின் கூச்சம் எனக்கு நன்றாகப் புரிகிறது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவன் நான். டயப்பர் வாங்க மருந்துக்கடைக்குப் போனபோது பழைய மாணவன் எதிரே நின்றான். "பேரனுக்கா சார்?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

யாரும் எனக்குச் சொல்லாததைச் சொல்கிறேன். சிறுநீர் வடிய வைத்திருந்த டியூபை எடுத்த அன்று படுத்திருக்கும்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கட்டிலைவிட்டு எழுந்து நின்றேன், வேட்டி நனைந்தது. தடுக்க நினைத்தேன், எதைக் கொண்டு தடுப்பது என்றே தெரியவில்லை. வலியும் வீக்கமும் பயமுமாக இருக்கிற அந்த நேரத்தில் புதிதாக ஒரு தசையைத் தேடிக் கண்டுபிடிப்பது நடக்கிற காரியம் இல்லை. அதனால் முன்பே பழகச் சொல்லுங்கள். என்னோடு வார்டில் இருந்த ஒருவர் முன்கூட்டியே பயின்றுவிட்டு வந்திருந்தார். அவருக்கும் கசிந்தது. ஆனால் அவர் என்னைப் போலக் கலங்கவில்லை.

எனக்கு முதலில் இரவு நின்றது, பிறகு உட்கார்ந்திருக்கும்போது நின்றது. நாற்காலியிலிருந்து எழுவது, நடப்பது, குனிந்து செருப்பு மாட்டுவது, இவைதான் கடைசிவரை இழுத்தடித்தன. சாயங்காலம் ஆக ஆக அதிகமாகும். தீபாவளிக்கு முன் அறுவை சிகிச்சை. சித்திரை பிறக்கும்போது ஒரு சின்ன பேட் மட்டும் போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

ஒரு வழி சொல்கிறேன். பேடை எடை போட்டுப் பாருங்கள். உலர்ந்த பேடின் எடையைக் குறித்து வைத்துக்கொண்டு, நனைந்ததை மெல்லிய பையில் போட்டு நிறுத்தால், கூடியிருக்கும் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய ஒரு மில்லி சிறுநீர். ஒரு நாளுக்கானதைக் கூட்டி நாட்குறிப்பில் எழுதினேன். "ஒன்றுமே குறையவில்லை" என்று மனம் புலம்பும் வாரத்திலும் கணக்கு குறைந்துகொண்டே வருவது தெரியும். சமையலறைத் தராசைத் தொடக்கூடாது என்று வீட்டம்மா சொல்லிவிட்டதால் தனியாக ஒன்று வாங்கினேன்.

இயன்முறை_ஈரோடு எழுதியது:

நான் இயன்முறை மருத்துவர், அதாவது பிசியோதெரபிஸ்ட். இடுப்புத்தளச் சிகிச்சைதான் என் வேலையின் பெரும்பகுதி. தாமிரபரணி ஐயா சொன்ன எடைக் கணக்கை நாங்களும் நோயாளிகளுக்குச் சொல்லித் தருகிறோம்.

மருதநிலம், உங்கள் அப்பாவிடம் உடற்கூற்றைச் சொல்லுங்கள். பயிற்சி என்று சொன்னால் கூச்சப்படும் ஆண்கள், பொறியமைப்பு என்று சொன்னால் காது கொடுப்பார்கள். சிறுநீர்ப்பையின் வாயில் ஓர் அடைப்புத் தசை இருக்கிறது. புராஸ்டேட்டுக்குக் கீழே இன்னொன்று இருக்கிறது. மேலே உள்ளது நம் நினைப்பு இல்லாமலே மூடியிருக்கும். சுரப்பியை முழுவதும் எடுத்து, சிறுநீர்ப்பையைக் கீழே இறக்கிச் சிறுநீர்த்தாரையோடு தைக்கும்போது அந்த மேல் அடைப்பின் பலம் பெரும்பாலும் போய்விடுகிறது. அதுவரை உதவிக்கு நின்ற கீழ் அடைப்பு முழுச் சுமையையும் ஏற்க வேண்டியதாகிறது. அதற்குப் பலம் கொடுப்பவை அதைச் சூழ்ந்திருக்கும் இடுப்புத்தளத் தசைகள். முன்னே பூப்பெலும்பிலிருந்து பின்னே வால் எலும்புவரை தொட்டில்போல் விரிந்திருக்கும் தசைகள் அவை. ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. ஆர்னால்ட் கீகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் 1948இல் பிரசவித்த பெண்களுக்காக எழுதியதால் பெண்களின் பயிற்சி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

எப்போது தொடங்குவது? அறுவை சிகிச்சைக்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பு தொடங்கினால் நல்லது. உங்களுக்கு அந்த அவகாசம் இருக்கிறது. டியூப் உள்ளே இருக்கும் நாட்களில் பயிற்சியே கூடாது. பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள் டியூப் இருக்கும். இதை அப்பாவிடம் அழுத்திச் சொல்லுங்கள், ஆர்வக்கோளாறில் செய்துவிடுகிறார்கள். டியூபை எடுத்த பிறகு மருத்துவர் சொன்னதும் தொடரலாம்.

எப்படிச் செய்வது? காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல் என்றுதான் பலரும் சொல்வார்கள். அப்படிச் செய்தால் பின்பக்கத் தசைதான் அதிகம் இறுகும். ஆண்களிடம் எந்தச் சொல் சரியான தசையை எழுப்புகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அல்ட்ராசவுண்டில் பார்த்து 2016இல் வெளியிட்டார்கள். "ஆணுறுப்பை உள்ளே இழுத்துக் குட்டையாக்குங்கள்" என்று சொன்னபோதுதான் சிறுநீர்த்தாரையைச் சுற்றிய தசை நன்றாக வேலை செய்தது. அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று பார்க்கச் சொல்லுங்கள். சரியாகச் செய்தால் உறுப்பின் அடிப்பகுதி உள்ளே போகும், விதைப்பை மேலே ஏறும். பிட்டம் இறுகக்கூடாது, தொடை இறுகக்கூடாது, மூச்சை அடக்கக்கூடாது. பத்து நொடிவரை பிடித்து, அதே அளவு நேரம் முழுவதுமாகத் தளர்த்த வேண்டும். இதோடு சட்டென்று இறுக்கிச் சட்டென்று விடும் சுருக்கங்களும் வேண்டும், இருமலும் தும்மலும் சொல்லிவிட்டு வருவதில்லை. முதலில் படுத்து, பிறகு உட்கார்ந்து, பிறகு நின்று. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகுவதைப் பயிற்சியாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

கணக்குப்புலி எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கத்தை நான் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் நடந்த மேப்ஸ் ஆய்வின் முடிவு 2011இல் லான்செட் இதழில் வந்தது. புராஸ்டேட்டை எடுத்த பிறகு கசிவு இருந்த ஆண்களில் ஒரு பிரிவுக்குத் தனித்தனியாகப் பயிற்சி கொடுத்தார்கள், மற்றப் பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ஓராண்டு கழித்துக் கசிவு இருந்தவர்கள் ஒரு பிரிவில் 76 விழுக்காடு, மற்றதில் 77. பெண்களுக்கும் அதே கதைதான். அமெரிக்காவின் ஆப்டிமல் ஆய்வு, 2014. கர்ப்பப்பை இறக்கத்துக்கான அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டில் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை.

என் மாமனாருக்கு மின்தூண்டல் (மின்சாரத்தால் தசையைச் சுருக்குவது), பயோஃபீட்பேக் (தசை இறுகுவதைத் திரையில் காட்டுவது) என்று மொத்தமாக ஒரு தொகை பேசி வாங்கினார்கள். கருவியை மாட்டிவிட்டுப் பணிப்பெண் கைப்பேசி பார்த்துக்கொண்டிருப்பார். இதற்கு ஏன் காசைக் கொட்ட வேண்டும்? காலம்தான் ஆற்றுகிறது.

இயன்முறை_ஈரோடு எழுதியது:

கணக்குப்புலி சொன்ன எண்கள் சரிதான். இரண்டு ஆய்வுகளையும் நான் மதிக்கிறேன். ஆனால் மேப்ஸில் யாரைச் சேர்த்தார்கள் என்று பாருங்கள். அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம் ஆகியும் கசிந்துகொண்டிருந்தவர்களை. முன்கூட்டியே பழகுவதைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை. மற்றப் பிரிவில் இருந்தவர்களும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை, அவர்களிலும் பலர் தாங்களாகவே பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். முன்கூட்டியே பழகியவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கண்டது இது: முதல் மூன்று மாதங்களில் கசிவு குறைவு, ஆறு மாதத்துக்குப் பிறகு வித்தியாசம் மங்கிவிடுகிறது. மருதநிலத்துக்கு நான் உறுதி கொடுக்க முடியும் என்றால் அந்த முதல் மூன்று மாதங்களைப் பற்றித்தான், அதையும் அடக்கத்தோடுதான் சொல்வேன். வேலைக்குப் போகிறவருக்கும், நாலு பேரைப் பார்க்கக் கூச்சப்படுகிறவருக்கும் அந்த மூன்று மாதம் சின்ன விஷயம் இல்லை.

கருவி விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது. தசையைத் தானாகச் சுருக்கத் தெரிந்தவருக்கு மின்தூண்டல் தேவையே இல்லை. பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதலும் பெண்களின் சிறுநீர்க் கசிவுக்கு அதை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது. மேற்பார்வையோடு மூன்று மாதப் பயிற்சிதான் முதல் சிகிச்சை என்கிறது. மொத்தத் தொகை பேசி முதல் நாளே கருவியை மாட்டுகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கணக்குப்புலி எழுதியது:

முதல் மூன்று மாதம் என்று எல்லை வகுத்துச் சொன்னதற்கு நன்றி. அந்த அளவில் ஒத்துக்கொள்கிறேன். தாளே போதுமா, ஆள் வேண்டுமா என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

செங்காந்தள் எழுதியது:

ஆள் வேண்டும் என்பது என் கட்சி. காரணம் என் அம்மா.

அம்மாவுக்கு அடி இறக்கம், அதாவது கர்ப்பப்பை கீழே இறங்கிவிட்டது. நான்கு பிரசவம், வாழ்நாள் முழுக்கத் தெருக்குழாய்த் தண்ணீர் சுமந்தது, ஓயாத இருமல். கர்ப்பப்பையை எடுத்து, தளர்ந்த சுவரை இழுத்துத் தைப்பதாக முடிவாயிற்று. அதற்கு முன் பயிற்சி செய்யச் சொன்னபோது, "தினமும் செய்கிறேனே" என்றார். பெண் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பரிசோதித்தபோதுதான் தெரிந்தது: உள்ளே இழுப்பதற்குப் பதிலாக அம்மா முக்கித் தள்ளிக்கொண்டிருந்தார். இறங்கியிருப்பதை இன்னும் இறக்கும் பயிற்சி! தசை இறுகும்போது பயோஃபீட்பேக் திரையில் வெளிச்சக் கோடு ஏறுவதைப் பார்த்துத்தான் பிடிபட்டது. "ஏறுகிறது பார், ஏறுகிறது பார்" என்று சின்னப் பிள்ளைபோல் சொன்னார்.

பரிசோதனைக்கு முன் அந்தப் பெண்மணி ஒவ்வொன்றையும் சொல்லி, சம்மதம் கேட்டு, கையுறை போட்டுக்கொண்டு, நான் அறையில் இருக்கலாமா என்று அம்மாவிடமே கேட்டார். வேண்டாம் என்றார் அம்மா. நான் வெளியே போனேன். வேறோர் இடத்தில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் படுக்கச் சொன்னதால்தான் அம்மா ஒரு வருடம் எந்த மருத்துவரிடமும் போகாமல் இருந்தார்.

இயன்முறை_ஈரோடு எழுதியது:

செங்காந்தள் சொன்னது அபூர்வம் இல்லை. அமெரிக்காவில் 1991இல் வெளியான ஆய்வு ஒன்றில், வாய்மொழியாகச் சொல்லிக் கொடுத்த பிறகு சரியாகச் சுருக்கிய பெண்கள் பாதிப் பேர்தான். நான்கில் ஒருவர் கசிவை அதிகமாக்கக்கூடிய விதத்தில் தள்ளிக்கொண்டிருந்தார். கணக்குப்புலியின் கேள்விக்கு என் பதில் இதுதான்: சரியாகச் செய்கிறாரா என்று ஒரு முறையாவது ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். வாராவாரம் வரச் சொல்வது பலருக்குத் தேவைப்படாது. உட்பரிசோதனை பிடிக்காதவர்களுக்கு வயிற்றின்மேல் அல்ட்ராசவுண்ட் வைத்தும் பார்க்கலாம். ஆண்களுக்கு வெளியிலிருந்தே ஓரளவு தெரிந்துவிடும்.

மழைத்துளி எழுதியது:

ஒரு எச்சரிக்கை. இழையைப் படிக்கும் இளம்பெண்கள் எல்லோரும் இறுக்கத் தொடங்கிவிடாதீர்கள். எனக்கு எண்டோமெட்ரியோசிஸ், கர்ப்பப்பை உள்சுவர் போன்ற திசு வெளியே வளரும் நோய். லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழி அறுவை சிகிச்சை) செய்த பிறகும் வலி போகவில்லை. இணையத்தில் பார்த்துக் கீகல் செய்தேன், உட்காரவே முடியாத வலி வந்தது. என் தசைகள் தளர்ந்தவை அல்ல, வலிக்குப் பயந்து எப்போதும் இறுகியே இருந்தவை. எனக்குக் கொடுத்த சிகிச்சை முழுக்கத் தளர்த்துவதுதான்: வயிறு விரிய மூச்சு, குழந்தை உறங்குவதுபோல் மண்டியிட்டுக் குனிந்து படுக்கும் நிலை, இறுகிய இடங்களை உள்ளிருந்து மெல்ல அழுத்தி விடுவது. இறுக்கும் பயிற்சி என்ற பேச்சே எடுக்கவில்லை.

புதுக்குளம் எழுதியது:

எனக்கு ஒன்று புரியவில்லை. என் சித்தப்பாவுக்கும் புராஸ்டேட் ஆபரேஷன் நடந்தது. சில நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார். டயப்பரும் இல்லை, பயிற்சியும் இல்லை. நீங்கள் எல்லோரும் ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள்?

தாமிரபரணிக்காரன் எழுதியது:

புதுக்குளம், அது வேறு, இது வேறு. வயதானால் சுரப்பி வீங்கிச் சிறுநீரை அடைக்கும். சிறுநீர்த் துவாரம் வழியாகக் கருவியை விட்டு அடைத்த பகுதியைச் சுரண்டி எடுப்பார்கள். வயிற்றில் கத்தி படாது, சுரப்பியின் ஓடு அப்படியே இருக்கும். உங்கள் சித்தப்பாவுக்கு அதுவாகத்தான் இருக்கும். புற்றுநோய்க்குச் செய்வது சுரப்பியையே வேரோடு எடுப்பது. ஊரில் இரண்டுக்கும் ஒரே பெயர் சொல்வதால் வருகிற குழப்பம் இது. நான் அழுதுகொண்டிருந்தபோது "என் மச்சானுக்கு மூன்றே நாளில் சரியாயிற்றே" என்று வந்து சொன்னவர்களை எண்ணினால் ஒரு பஸ் நிறையும்.

செங்காந்தள் எழுதியது:

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மாவை எப்படிப் பார்த்துக்கொண்டோம் என்று தனிமடலில் இருவர் கேட்டதால் இங்கேயே எழுதுகிறேன். தையல் ஆற ஆறு வாரம் கனமான எதையும் தூக்கக்கூடாது என்றார்கள். கனம் என்றால் என்ன என்று அம்மா கேட்டார். 15 லிட்டர் பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் 15 கிலோ. காஸ் சிலிண்டர் நிறைந்திருந்தால் 30 கிலோவை ஒட்டி வரும். இட்லி மாவு வாளி, ஈரத்துணி வாளி, பேரன், எல்லாமே கனம்தான். பட்டியல் போட்டுச் சமையலறைக் கதவில் ஒட்டினோம். அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆனால் அண்ணிக்கு அது உதவியது.

மலச்சிக்கல்தான் தையலுக்கு முதல் எதிரி. முக்கக்கூடாது. கமோடில் உட்காரும்போது காலுக்கடியில் சின்ன முக்காலி வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி முன்னே சாய்ந்து உட்காரச் சொன்னார்கள். இருமல் வரும்போது முதலில் அடித்தசையை இறுக்கிவிட்டு, அதன் பிறகு இரும வேண்டும் என்று அறுவை சிகிச்சைக்கு முன்பே பழக்கியிருந்தார்கள். ஆஸ்துமாக்காரியான அம்மாவுக்கு மற்ற எல்லாப் பயிற்சியையும்விட இது ஒன்றுதான் காப்பாற்றியது என்பது என் எண்ணம். ஆய்வு என்ன சொல்கிறதோ, கணக்குப்புலி அண்ணன் பார்த்துச் சொல்லட்டும்.

கணக்குப்புலி எழுதியது:

பார்த்தேன். இருமலுக்கு முன் இறுக்கும் உத்திக்கு 1998இலேயே ஆய்வு இருக்கிறது. கசிவு அதிகம் கடுமையாக இல்லாத முதிய பெண்கள்தான் அதில் இருந்தவர்கள், ஒரே வாரத்தில் பலன் தெரிந்தது. அம்மா பக்கம் வெற்றி.

பழையபேட்டை எழுதியது:

மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களையும் இந்த இழையில் சேர்த்துக்கொள்ளுங்கள். வயிற்றில் மலத்துக்காக வைத்த பையை எடுத்துக் குடலைத் திரும்ப இணைத்த பிறகு ஒரு காலைக்குள் எத்தனை முறை ஓட வேண்டியிருக்கும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எனக்கும் இதே தசைகளுக்குத்தான் பயிற்சி கொடுத்தார்கள். அவசரம் குறைந்தது, முழுவதும் போகவில்லை.

மருதநிலம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தாமிரபரணி ஐயா எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மருந்துக்கடைக் கதையில் சிரித்துவிட்டார். இப்போது பத்திரிகை படித்துக்கொண்டே செய்வதாகச் சொல்கிறார். செய்கிறாரா என்று நான் எப்படிப் பார்ப்பது? இன்னும் இரண்டு சந்தேகம். தஞ்சாவூரில் யாரிடம் போவது? டியூபை எடுத்த மறுநாளே ஊருக்குத் திரும்ப நினைக்கிறோம், பயணத்துக்கு என்ன ஏற்பாடு செய்வது?

இயன்முறை_ஈரோடு எழுதியது:

பத்திரிகை படித்துக்கொண்டே செய்வது ஒரு மாதம் பழகிய பிறகு. இப்போது கவனம் முழுக்க அங்கே இருக்க வேண்டும்.

ஊரைக் குறித்து: அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் கேளுங்கள். சிறுநீரகவியல் பிரிவிலும் கேளுங்கள், அவர்கள் யாரிடம் அனுப்புகிறார்கள் என்று தெரியும். ஆண்களுக்கு இடுப்புத்தளப் பயிற்சி கொடுத்த அனுபவம் உண்டா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். முழங்காலும் முதுகும் பக்கவாதமும் பார்த்துப் பழகியவர்கள்தான் எங்களில் அதிகம். ஊரில் கிடைக்காவிட்டால், அறுவை சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனைகளுக்குச் சென்னை போகும் அன்றே அங்கு ஒருவரைப் பார்த்துவிடலாம்.

அப்பாவிடம் இன்னும் இரண்டு விஷயம் பேசியாக வேண்டும். விறைப்பு குறைவதைப் பற்றி அவர் உங்களிடம் கேட்க மாட்டார். மருத்துவரோடு தனியாகப் பேச ஐந்து நிமிடம் ஏற்படுத்திக் கொடுங்கள். மற்றது, கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பது. குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகி எரிச்சலும் அவசரமும்தான் கூடும். காபியை வேண்டுமானால் குறைக்கலாம். ஓர் ஆண்டு ஆகியும் கசிவு நிற்காவிட்டால் அதற்கும் வழி உண்டு. செயற்கை அடைப்பான் பொருத்தும் அறுவை சிகிச்சை இருக்கிறது. அதைப் பற்றி இப்போதே கவலைப்பட வேண்டியதில்லை.

பயணத்துக்கு: மறுநாளே கிளம்பலாமா என்று முதலில் மருத்துவரைக் கேளுங்கள். டியூபை எடுத்த பிறகு சிலருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும், அப்போது சென்னையில் இருப்பது நல்லது. ஓரிரு நாள் தள்ளிக் கிளம்ப முடிந்தால் இன்னும் நல்லது.

தாமிரபரணிக்காரன் எழுதியது:

ரயிலில் போங்கள், பஸ் வேண்டாம். கழிப்பறைக்குப் பக்கத்தில் கீழ்ப்படுக்கை கேட்டு வாங்குங்கள். ஒரு பாக்கெட் டயப்பர், கறுப்பு பிளாஸ்டிக் பை, மாற்று வேட்டி இரண்டு, விரிக்க ஒரு ரப்பர் ஷீட். பேண்ட் போட்டுக்கொள்ள விட வேண்டாம், அடர்ந்த நிறக் கைலி போதும். டயப்பரைச் சென்னையிலேயே வாங்கிவிடுங்கள். ஊர் மருந்துக்கடையில் அவரிடம் யார் படித்தவர்கள் இருப்பார்களோ!

மருதநிலம் எழுதியது:

அப்பா ஆசிரியர் இல்லை ஐயா, மின்வாரியத்தில் இருந்தவர். ஆனால் மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கு மீட்டர் வைத்ததே அவர்தானாம். சென்னையிலேயே வாங்கிவிடுகிறோம்.